அடிபட்ட மானைத் தேடிப் போவது யாருக்காக?

பென்சில்வேனியாவில் வேலை பார்க்கும் சேலத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். உரிமம் எடுத்து, நவம்பரில் நண்பர்களோடு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போயிருக்கிறார். பொழுது சாயும் நேரத்தில் கிராஸ்போவால் (விசை வைத்த வில்) ஒரு மானை அடித்தார். அது துள்ளி ஓடவில்லை. முதுகை வளைத்து, வாலை ஒடுக்கிக்கொண்டு மெல்ல நடந்து புதருக்குள் போனது. உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு எல்லோரும் பின்னாலேயே போயிருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் படுத்திருந்த மான் எழுந்து ஓடியது. அதற்கப்புறம் ரத்தமே இல்லை. இரவு மழை. காலையில் ஒரு மணி நேரம் தேடிவிட்டு, "கயோட்டி (ஓநாய் போன்ற சிறிய விலங்கு) தின்னட்டும், ஒன்றும் வீணாகப் போகாது, வா" என்று நண்பர்கள் சொல்ல, திரும்பிவிட்டார். ஏற்காட்டில் இருக்கும் அப்பா, "அடிச்சதே பாவம், அப்புறம் தேடினா என்ன, தேடாட்டி என்ன" என்கிறாராம்.

அவர் கேட்பது மூன்று. செய்தது தவறா? அதே பருவத்தில் இன்னொரு மானை அடிக்கலாமா? பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது சொந்தக்காரர்கள் ராத்திரி வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். அடிபட்ட மானைத் தேடிக் கொடுக்க மட்டுமாவது போகலாமா?

நான் கால்நடை மருத்துவர். சேர்வராயன் மலை அடிவாரத்திலும் ஏற்காட்டிலும் பல வருஷம் வேலை பார்த்தவன். என் மகள் குடும்பம் பென்சில்வேனியாவில்தான் இருக்கிறது. அங்கே ரத்தத் தடம் பிடிக்கும் நாய் வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரரோடு காட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். தவறு நடந்திருக்கிறது. காலையில் ஒரு மணி நேரத்தில் திரும்பியது இரண்டாவது தவறுதான். முதல் தவறு, இரவு உடனே பின்னால் போனது.

அடி எங்கே பட்டது என்பதை மான் அப்போதே சொல்லிவிட்டது. நெஞ்சிலோ நுரையீரலிலோ பட்டிருந்தால் துள்ளும், உதைக்கும், தலையைத் தாழ்த்திக்கொண்டு பறக்கும். பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது கெஜத்துக்குள் விழுந்துவிடும். அங்கே கிடக்கும் ரத்தம் இளஞ்சிவப்பாக, நுரையும் குமிழியுமாக இருக்கும். ஈரலில் பட்டால் ரத்தம் கருஞ்சிவப்பு. குடலிலோ இரைப்பையிலோ பட்டால் ரத்தம் கொஞ்சம்தான் வரும், அதோடு பச்சையாகவோ பழுப்பாகவோ செரித்தும் செரிக்காததுமான தீனி கலந்திருக்கும், அம்பை எடுத்து முகர்ந்தால் நாறும். முதுகை வளைத்து, வாலை ஒடுக்கி நடந்துபோன மான் என்றால் வயிற்றில் அடி என்று அங்கே எந்த அனுபவசாலியும் சொல்லிவிடுவார்.

வயிற்றில் அடிபட்ட மானை யாரும் விரட்டாமல் இருந்தால் அது வெகுதூரம் போகாது. வலி தாங்காமல் முதல் மறைவிடத்திலேயே படுத்துவிடும். விட்டுவிட்டால் பெரும்பாலும் அங்கேயே உயிர் போகும். அதனால்தான் நுரையீரல் அடிக்கு அரை மணி, ஈரல் அடிக்கு நாலு முதல் ஆறு மணி, வயிற்று அடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி காத்திரு என்று சொல்கிறார்கள். காத்திருக்காமல் போனால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். பயத்தில் எழுந்த மான் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. துளையைக் குடலோ கொழுப்போ அடைத்துக்கொள்ளும், சொட்டு ரத்தம் வெளியே வராது.

மழை வரப்போகிறது, தடம் அழிந்துவிடும் என்ற பதைப்பில்தான் போயிருப்பீர்கள். புரிகிறது. ஆனால் வயிற்று அடியில் மழை அழிப்பதற்கு ரத்தத் தடம் என்று பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. காத்திருந்தால் நீங்கள் இழந்திருக்கக்கூடியது கொஞ்சம். விரட்டியதால் இழந்தது மானையே. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அடிபட்ட மான் கண்ணெதிரே நின்று, வேட்டைக்குச் சட்டம் அனுமதிக்கும் நேரமும் இருந்து, இரண்டாவது அடிக்குத் தெளிவாக இடம் கொடுத்தால் தயங்காமல் அடித்து முடித்துவிட வேண்டும்.

இந்தக் காத்திருப்பு எவ்வளவு கொடுமையானது என்று தெரிந்துதான் சொல்கிறேன். அங்கே ஒரு உயிர் துடித்துக்கொண்டிருக்கும், நீங்கள் காரில் உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும். உடனே ஓடிப்போனால் மனசு ஆறும். ஆனால் ஆறுவது உங்கள் மனசு. மானுக்கு அதனால் கிடைப்பது இன்னொரு ஓட்டம், இன்னொரு பயம், யார் கைக்கும் எட்டாத ஒரு மூலையில் சாவு. தேடுவது அதன் வலியை முடிப்பதற்காக. முடிக்க வழியில்லாத நேரத்தில் பின்னால் போவது வலியைக் கூட்டுவதுதான்.

"கயோட்டி தின்னும், வீணாகாது" என்ற பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். இறைச்சி வீணாவதைப் பற்றியா இங்கே கேள்வி? குடல் கிழிந்து வயிற்றுக்குள் தீனி கசிந்தால் என்ன நடக்கும் என்பதை மாடுகளில் பார்த்தவன் நான். தீவனத்தோடு கம்பியை விழுங்கிய மாடு இரைப்பை குத்துப்பட்டு, உள்ளே சீழ் பிடித்து நிற்கும். முதுகை வில்லாக வளைத்து, முன்னங்கால் முட்டிகளை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பல்லை நறநறவென்று கடிக்கும். இறக்கத்தில் நடக்கச் சொன்னால் முனகும். அசைபோடுவது நின்றுபோகும். கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்கு நான் ஊசி போடலாம், அறுத்து கம்பியை எடுக்கலாம். உங்கள் மானுக்கு வந்தது அதே நோய், ஒரே ராத்திரியில், மழையில். அதை முடித்து வைக்கக்கூடியவர் அந்தக் காட்டில் நீங்கள் ஒருவர்தான். பென்சில்வேனியா சட்டமே அடிபட்ட விலங்கை மீட்க நியாயமான முயற்சி எடுக்காமல் விடுவது குற்றம் என்கிறது. ஒரு மணி நேரம் நியாயமான முயற்சியா என்று உங்களுக்கே சந்தேகம் வந்ததால்தானே எனக்கு எழுதியிருக்கிறீர்கள்?

சரி, எப்படித் தேடியிருக்க வேண்டும்? இதை நான் கற்றுக்கொண்டது அமெரிக்காவில் இல்லை, நம் ஏற்காட்டில். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தபின் மலையில் பங்களாக்கள் வந்தன, பங்களாக்களோடு துப்பாக்கிகளும் வந்தன. துரைமார் சுடுவார்கள். சுட்டதைத் தேடி எடுக்கப் போவது மலையாளிப் பழங்குடி ஆட்கள். நாகலூர்ப் பக்கம் அப்படி இளவயதில் தடம் பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை நின்றது, அவருடைய கண் நிற்கவில்லை. காப்பித் தோட்டத்துக்குள் கால் ஒடிந்த காட்டெருமை, காயம்பட்ட கடமான் என்று தகவல் வந்து நாங்கள் போனால் தடம் பார்க்க அவரைத்தான் துணைக்குக் கூப்பிடுவோம்.

காப்பி இலையின் மேல்பக்கம் வழவழப்பு. மழைத் தூறலில் அங்கே ரத்தம் தங்காது. அவர் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் விளிம்பையும் பார்ப்பார். செடியில் ரத்தம் இழுகியிருக்கும் உயரத்தைத் தன் தொடையில் கைவைத்து அளப்பார். முழங்கால் உயரத்தில் இருந்தால் காலில் காயம், இடுப்பு உயரத்தில் இருந்தால் உடம்பில். இழுகல் செடியின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் எந்த விலாவில் காயம் என்றும் தெரிந்துவிடும். சருகின்மேல் சொட்டு விழுந்ததா, சிதறியதா என்று குனிந்து பார்ப்பார். வால் நீண்டு சிதறியிருந்தால் அது ஓடியிருக்கிறது, அந்த வால் நீளும் திசையில் போயிருக்கிறது. வட்டமாக விழுந்திருந்தால் நின்றிருக்கிறது. எறும்பு மொய்க்கும் சருகை ஒருபோதும் தாண்டிப் போகமாட்டார். தடத்தின்மேல் யார் கால் வைத்தாலும் கோபம் வரும். "ரத்தத்தையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க டாக்டர் சார், அது எங்க போகணும்னு நெனச்சிருக்கும்னு பாருங்க" என்பார். பள்ளத்து ஓடையைப் பார்க்கச் சொல்வார். காயம்பட்ட விலங்கு தண்ணீர்ப் பக்கம் போகும் என்பதைப் பின்னாளில் அமெரிக்காவிலும் கேட்டேன்.

அதே பாடத்தை உங்கள் காட்டில் இப்படிச் செய்யலாம். அடித்த இடத்தையும் மான் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் மரம், பாறை என்று மனதில் குறித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒவ்வொரு ரத்தத் துளிக்கும் பக்கத்தில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர். நூறடி போய்த் திரும்பிப் பார்த்தால் மான் போன கோடு தெரியும். இரண்டு பேர் போதும். ஒருவர் கடைசித் துளியிலேயே நிற்க, மற்றவர் முன்னால் போய் அரைவட்டமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். சிவந்த மேப்பிள் சருகில் எது ரத்தம், எது இலைப் புள்ளி என்று குழம்பினால் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளியுங்கள், ரத்தமாக இருந்தால் நுரைக்கும். மரத்தின்மேல் பரண் போட்டு அடிக்கும்போது அம்பு மேலிருந்து இறங்கும். மறுபக்கம் துளை விழாவிட்டால் ரத்தம் உள்ளேயே தேங்கும், முதல் ஐம்பது அறுபது கெஜம் ஒன்றுமே கிடைக்காது. அதைப் பார்த்து "பிசகிவிட்டது" என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். தடம் அறவே விட்டுப்போனால் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தேட வேண்டும், ஓடையோரமும் அடர்ந்த புதரும் முதலில்.

எல்லாவற்றுக்கும் மேலே நாய். உங்கள் மாநிலத்தில் கயிற்றில் பிடித்த தடம் நாயைக் கூட்டிப்போகச் சட்டம் அனுமதிக்கிறது. நான் பார்த்த நாய், மழை பெய்து பல மணி நேரம் ஆன தடத்தில், மனிதக் கண்ணுக்கு ஒரு துளிகூடத் தெரியாத இடத்தில், மூக்கைத் தரையிலிருந்து எடுக்காமல் இழுத்துக்கொண்டு போனது. ரத்தத்தை மட்டும் அது மோப்பம் பிடிப்பதில்லை. குளம்பின் இடுக்கிலிருந்து கசியும் வாசனையும் அதற்குத் துணை. நாய்க்காரரைக் கூப்பிடும்வரை நீங்களே காட்டை மிதித்துக் குழப்பாமல் இருப்பதுதான் நீங்கள் செய்யும் பெரிய உதவி. மான் பக்கத்து நிலத்துக்குள் போயிருந்தால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அனுமதி இல்லை என்றால் கேம் வார்டனை (வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி) கூப்பிடுங்கள்.

கண்டுபிடித்ததும் முன்பக்கமாகப் போகாதீர்கள், முதுகுப் பக்கமாகப் போங்கள். கண் மூடியிருந்தால் உயிர் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். செத்த மானின் கண் திறந்தே இருக்கும். நீளக் குச்சியால் கருவிழியைத் தொட்டால் இமைக்கக் கூடாது. இமைத்தால் உடனே முடித்துவிட வேண்டும். ராத்திரி என்றால் எந்த ஆயுதத்தை எடுத்துப்போகலாம் என்பதை வார்டனிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவரை தேடுவது? என் கணக்கில், காயம் உயிரைப் பறிக்கக்கூடியது என்று தெரிந்தால் அந்த நாள் முழுக்கவும், நாய் கைவிடும்வரையும். இறைச்சி கெட்டுப்போயிருக்கும் என்று தெரிந்த பிறகும் தேடுகிறவர் மானுக்காகத் தேடுகிறார். அத்தோடு நிறுத்துகிறவர் சாப்பாட்டுக்காகத் தேடியவர். மறுபக்கம், சதையில் மட்டும் பட்ட அடி என்றால் ரத்தம் முதலில் பளிச்சென்று நிறைய வந்து, பிறகு குறைந்து, நின்றுபோகும். மான் மேட்டில் ஏறும், வேலி தாண்டும். அதை விட்டுவிட வேண்டும். மான் உடம்பு ஆறும் வேகம் எங்களையே ஆச்சரியப்பட வைக்கும். பழைய ஈயக் குண்டைச் சுற்றிக் கெட்டித் தோல் கட்டி, எந்தக் குறையுமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்த மான்களை அறுத்துப் பார்த்ததில் கண்டிருக்கிறேன். அதை விரட்டிக்கொண்டே போவதால்தான் அது சாகும்.

எவ்வளவு முயன்றாலும் சில கிடைக்காது. மேரிலாந்தில் ஒரு கடற்படைத் தளத்தில், தேர்ச்சி பெற்ற வில் வேட்டைக்காரர்கள் பல வருஷங்களில் அடித்த சுமார் 900 மான்களில் 18 சதவீதம் கிடைக்கவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்கள். நல்ல வில், பயிற்சி எடுத்த ஆட்கள், அப்படியும் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அதனால்தான் இந்தப் பொறுப்பு அம்பை விடுவதற்கு முன்பே தொடங்குகிறது என்கிறேன். பொழுது போக இன்னும் பத்தே நிமிஷம், ராத்திரி மழை என்று வானிலை சொல்லிவிட்டது, மான் நேராக உங்களைப் பார்த்து நிற்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் வில்லைக் கீழே வைக்கத் தெரியாதவர் தேடுவதில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எனக்கு மதிப்பில்லை. அன்று மாலை உங்களுக்கு வாய்த்ததும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

இரண்டாவது கேள்வி. பென்சில்வேனியாவில் கிடைக்காத மான் உங்கள் அனுமதிச் சீட்டில் ஏறாது. சட்டப்படி இன்னொன்று அடிக்கலாம். அடிக்காதீர்கள் என்பதே என் கருத்து. தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் வேட்டைப் பண்ணைகளில் ரத்தம் சிந்திவிட்டால் அந்த விலங்கு உங்கள் கணக்கு. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முழுக் காசும் கட்ட வேண்டும். ஜெர்மனியில் கடுமையாகக் காயம்பட்ட வேட்டை விலங்கைத் தாமதமின்றிக் கொன்று வலியைத் தீர்க்க வேண்டும் என்பது வேட்டைச் சட்டத்திலேயே இருக்கிறது. தடம் பிடிக்கத் தனி நாய் இனங்களையே வளர்த்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் அடிபட்டுக் கிடைக்காத மானுக்காகத் தாங்களாகவே சீட்டைக் கிழித்துப்போடும் வேட்டைக்காரர்கள் உண்டு. உங்கள் மான் செத்திருக்கும். அதற்கு உங்கள் பெயரில் கணக்கு எழுதுவதுதான் நேர்மை.

அப்பா சொன்னதற்கு வருகிறேன். அவர் மனசு எனக்குப் புரிகிறது, வேட்டை வேண்டாம் என்பதில் நானும் அவர் பக்கம்தான். ஆனால் அடித்ததே பாவம் என்பதால் தேடுவதில் அர்த்தமில்லை என்றால் அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடித்தது சரியா தப்பா என்று நாம் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் நேரத்திலும் அந்த மான் புதரில் கிடக்கிறது. பாவம் என்று நினைக்கிறவருக்குத்தான் தேடும் கடமை இன்னும் கூடுதல்.

மூன்றாவது கேள்விக்கு ஒரே வார்த்தை, போகாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொல்வது மட்டும் வேட்டை இல்லை. காயப்படுத்துவது, துரத்துவது, கண்ணி வைப்பது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். "நான் தேட மட்டும்தான் வந்தேன்" என்பது அங்கே எடுபடாது. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி கூட்டத்தில் இருந்தால் 1959 ஆயுதச் சட்டத்தில் தனி வழக்கு. வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்து ஓடவிட்டு, ஒரு காயமும் இல்லாமல் காட்டில் விட்டாலே வனத்துறை அபராதம் போடுகிறது. மானைச் சுட்டால் விடுவார்களா?

சட்டத்தை விடுங்கள், நடப்பதைச் சொல்கிறேன். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, கண் மின்னுவதைப் பார்த்து, பால்ரஸ் குண்டு (சைக்கிள் பேரிங் உருண்டை) போட்ட நாட்டுத் துப்பாக்கியால் சுடுகிறார்கள். அடிவாரத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்களிடம் வந்த பெண் புள்ளிமானுக்குத் தொடையில் ஒன்று, அடிவயிற்றில் இரண்டு, கழுத்தில் ஒன்று. எதுவும் உயிர் போகிற இடத்தில் இல்லை. காயத்தில் புழு வைத்து, எத்தனையோ நாள் அப்படியே நடந்திருக்கிறது. சுட்டவர்கள் தேடியிருக்கவே முடியாது. ரேஞ்சர் வந்துவிடுவார் என்ற பயத்தில் அந்த இடத்தில் நிற்கவே மாட்டார்கள். திருட்டு வேட்டையில் தேடுதல் என்பதே கிடையாது, தம்பி. அதில் நீங்கள் போய்ச் சேர்க்கக்கூடிய நன்மை எதுவும் இல்லை.

அப்படியானால் ஏற்காட்டில் அடிபட்ட மான் கண்ணில் பட்டால்? அமெரிக்காவில் பின்தொடர்வது கடமை, இங்கே பின்தொடராமல் இருப்பது கடமை. ஏனென்றால் இங்கே அதன் வலியை முடிக்கும் உரிமையும் வழியும் உங்களிடம் இல்லை. மீளவே முடியாத விலங்கைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரம் வனத்துறை அதிகாரிகளுக்குத்தான் உண்டு. நீங்கள் பின்னால் போனால் அது ஓடும், ஓடியே சாகும். குரும்பப்பட்டி பூங்காவில் வேலியோரம் வந்து நிற்கும் மானைப் பார்த்துவிட்டுக் காட்டு மானையும் தொட்டுத் தடவலாம் என்று நினைக்கிறார்கள். காட்டு மானுக்கு விரட்டலும் பிடியுமே விஷம். அளவு மீறி ஓடித் திமிறினால் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்து, வெளியே காயமே இல்லாமல் இரண்டொரு நாளில் செத்துப்போகும்.

தள்ளி நின்று இடத்தைக் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். ஆட்கள் வரும்வரை தெருநாய்களையும் செல்போனோடு வரும் கூட்டத்தையும் தூரத்தில் நிறுத்துங்கள். அது எழ முடியாமல் கிடந்தால், வனத்துறையினர் போனில் சொன்னால் மட்டும், ஒருவர் சத்தமில்லாமல் முதுகுப் பக்கமாகப் போய்க் கண்ணைத் துணியால் மூடலாம். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வையுங்கள், அசைபோடும் விலங்கு சாய்ந்தே கிடந்தால் வயிறு உப்பி மூச்சு நின்றுவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். அது செத்துவிட்டாலும் இறைச்சி, தோல், கொம்பு எல்லாம் அரசுச் சொத்து. எதையும் தொடாமல் வனத்துறையிடமே விட்டுவிடுங்கள்.